பீரங்கி இழுத்த மாடும் முதல் 10 நிமிஷமும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ங்கற கம்ப்யூட்டர் கேம்ல தோத்துட்டு வர்றவன்கிட்ட என்னடா ஆச்சுன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதிலத்தான் சொல்றாங்க, "அவன் திடீர்னு பெரிய படையோட வந்துட்டான்". திடீர்னு எதுவும் வரல. அவனும் உங்கள மாதிரியே 3 வில்லேஜர் (வேல செய்யற ஜனங்க), ஒரு ஸ்கவுட் (வேவு பாக்கற குதிரை வீரன்), 200 ஃபுட், 200 வுட், 100 கோல்டு, 200 ஸ்டோன் வச்சுத்தான் ஆட்டத்த ஆரம்பிச்சான். 18-ஆவது நிமிஷம் உங்க வாசல்ல வந்து நிக்கிற அந்தப் படை 4-ஆவது நிமிஷமே கெளம்பிடுச்சு, அப்ப அது ஆடு அறுத்துக்கிட்டும் மரம் வெட்டிக்கிட்டும் இருந்துச்சு, அவ்ளோதான்.

எங்க அக்கா பையன் சேலம் அஸ்தம்பட்டில இருக்கான், ப்ளஸ் ஒன் படிக்கிறான், லீவு விட்டா லேப்டாப்பே கதின்னு கெடக்கறவன். ராத்திரி போன் பண்ணி, "மாமா, நான் சண்டையெல்லாம் நல்லாத்தான் போடறேன், ஆனா கடைசில தோத்துப் போயிடறேன், ஏன் மாமா"ன்னு கேட்டான். "மாப்ள, சண்டைய விடு, 10-ஆவது நிமிஷத்துல உன்கிட்ட எத்தன வில்லேஜர் இருந்தாங்க"ன்னு கேட்டேன். "அதெல்லாம் யாரு மாமா எண்ணிட்டு இருப்பா"ன்னான். அவனுக்கு போன்ல சொல்ல ஆரம்பிச்சு பாதில கரண்ட் போயி பேச்சு நின்னுடுச்சு, மிச்சத்த இங்க எழுதறேன், அவன மாதிரி ஆடுற எல்லாருக்கும் சேத்து.

நான் இத கத்துக்கிட்டது புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடில இருந்த ப்ரவுசிங் சென்டர்ல. கேம் வந்தது 1999, கான்கரர்ஸ் எக்ஸ்பான்ஷன் 2000, நம்ம ஊரு சென்டருங்களுக்கு அது வந்து சேர இன்னும் கொஞ்ச நாளாச்சு. எட்டு சிஸ்டம் லேன்ல கோத்து எட்டு பேரு உக்காந்தா ரூமே அதிரும், கீழ தட்டுவடை செட் வாங்கப் போறவன் வர்றதுக்குள்ள அவன் ஊரு எரிஞ்சிருக்கும். அங்க ஒரு அண்ணன் வருவாரு, சேவாப்பேட்டைல வெள்ளிப் பட்டறைக்காரரு, ஒரு வார்த்த பேச மாட்டாரு, பெரும்பாலும் அவருதான் ஜெயிப்பாரு. அவரு பின்னாடி நின்னு பாத்தப்பதான் ஒன்னு கவனிச்சேன், மத்தவங்க ஸ்க்ரீன்ல எல்லாம் சண்டை ஓடிட்டு இருக்கும், அவரு ஸ்க்ரீன்ல முக்கால்வாசி நேரம் வில்லேஜருங்க வெளிய வர்ற டவுன் சென்டர்தான் இருக்கும். படைய அனுப்பிட்டு உடனே வீட்டுக்கு வந்துடுவாரு, ரெண்டு வில்லேஜர் போடுவாரு, வீடு ஒன்னு கட்டுவாரு, திரும்ப படைய எட்டிப் பாப்பாரு.

அதுக்குக் காரணம் சாதாரண கணக்கு. ஒரு வில்லேஜர் 50 ஃபுட், வெளிய வர 25 செகண்ட், இது கேம்ல ஓடுற கடிகாரம், நம்ம கைக்கடிகாரம் இல்ல. 10 நிமிஷம்னா 600 செகண்ட், டவுன் சென்டர் நிக்காம ஓடினா 24 பேரு வருவாங்க, ஆரம்பத்துல இருந்த 3 பேரோட 27. நடுவுல வில்லேஜரோட உயிரக் கூட்டற லூம்ங்கற ஆராய்ச்சியப் போட்டா ஒருத்தர் கொறையும், அடுத்த கட்டமான ஃபியூடல் ஏஜுக்கு க்ளிக் பண்ணிட்டா அந்த 130 செகண்ட் வில்லேஜர் போட முடியாது, இதெல்லாம் கழிச்சாலும் 20 பேருக்கு மேல இருந்தாகணும். நம்ம பையன் ரெக்கார்டட் கேம்ம வாங்கிப் பாத்தேன், 10-ஆவது நிமிஷத்துல 15 பேருதான் இருந்தாங்க. எதிராளி கிட்ட 22. ஒரு வில்லேஜர் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 20 ஃபுட் கொண்டு வருவாங்க, 7 பேரு கம்மின்னா நிமிஷத்துக்கு 140, அஞ்சு நிமிஷத்துல 700. லைட்டா யோசிங்க, 700 ஃபுட்னா கிட்டத்தட்ட 9 ஸ்கவுட் குதிரை. அந்த 9 குதிரதான் "திடீர்னு" வந்த படை. அம்மாபேட்டைல தறி வச்சிருக்கவங்களக் கேட்டா சொல்வாங்க, தறி நின்ன நேரத்துக்கு யாரும் கூலி தர மாட்டாங்க, அந்த நேரம் திரும்பவும் வராது. டவுன் சென்டரும் அப்படித்தான், நின்ன 25 செகண்ட பின்னாடி எவ்ளோ வேகமா க்ளிக் பண்ணாலும் எடுக்க முடியாது.

சரி, எப்படி நிக்காம ஓட்டறது. ஆட்டம் ஆரம்பிச்ச உடனே டவுன் சென்டர்ல நாலு வில்லேஜரக் க்யூ போடுங்க, கைல இருக்கற 200 ஃபுட்டுக்கு அவ்ளோதான் வரும். அதாவது 100 செகண்டுக்குள்ள உங்களுக்கு புது ஃபுட் வந்தே ஆகணும், வரலன்னா முதல் ரெண்டு நிமிஷத்துலயே தறி நின்னுடும். இன்னொரு சிக்கல், டவுன் சென்டர் 5 பேருக்குத்தான் எடம் தரும், நீங்க ஏற்கனவே 4 பேரு, அதனால இருக்கற மூணு பேருல ரெண்டு பேர ஒரு வீடு கட்டவும் ஒருத்தர இன்னொரு வீடு கட்டவும் அனுப்பிடணும், வீடு ஒன்னுக்கு 25 வுட்தான். ஸ்கவுட்ட டவுன் சென்டர சுத்தி வட்டமா ஓட்டுங்க, பக்கத்துலயே 4 ஆடு நிக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளி ரெண்டு ரெண்டா 4 ஆடு. எல்லாத்தையும் டவுன் சென்டர் காலடிக்கு ஓட்டிட்டு வந்து ஒன்னு ஒன்னாத்தான் அறுக்கணும், ஒரே நேரத்துல நாலு ஆட்ட அறுத்துப் போட்டா சாப்பிடாத கறி கெட்டுக்கிட்டே இருக்கும், ஆட்டுக்கு 100 ஃபுட்னா உங்க கைக்கு அது முழுசா வராது.

முதல் 6 பேரு ஆட்டுல, அடுத்த 4 பேரு மரத்துல, அந்த 4 பேருல முதல் ஆளு வெட்டின மரத்தக் கொண்டு வந்து போடற லம்பர் கேம்ப் கட்டணும், மரத்துக்கு ஒட்டி, ஒரு கட்டம் கூட எடம் விடாம. அதுக்கு அடுத்தது காட்டுப்பன்னி. இதுக்குப் பயந்துக்கிட்டு பன்னியத் தொடாமலே ஆடறவங்கள நெறைய பாத்திருக்கேன், ரெண்டு பன்னி இருக்கும், ஒன்னுக்கு 340 ஃபுட், அத விட்டுட்டு அந்த நேரத்துல விவசாயம் பண்ணப் போனா ஒரு வயலுக்கு 60 வுட் செலவு. ஒரு வில்லேஜர அனுப்பி ரெண்டு அம்பு விடச் சொல்லுங்க, ரெண்டாவது அம்பு கெளம்பின உடனே திருப்பி டவுன் சென்டருக்கு ஓட விடுங்க, பன்னி பின்னாடியே தொரத்திட்டு வரும். வில்லேஜருக்கு உயிர் 25தான், லூம் போட்டிருந்தா 40. பன்னி டவுன் சென்டர் பக்கம் வந்ததும் ஆடு அறுத்துக்கிட்டு இருக்கற ஆறு பேரையும் செலக்ட் பண்ணி பன்னி மேல விடணும், ஓடி வந்த ஆளுக்கு உயிர் கம்மியா இருந்தா டவுன் சென்டருக்குள்ள நுழைச்சுடுங்க. இந்த ஒரு வேலைய மட்டும் சிங்கிள் ப்ளேயர்ல ஒக்காந்து திரும்பத் திரும்ப பழகினா போதும், ஆட்டம் அப்படியே மாறும், நான் சொல்றத நம்புங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கறது. இந்த கேம்ல சாப்பாடும் மரமும்தான் சண்டைய முடிவு பண்ணுதுங்கறது யாரோ கேம் டிசைனர் கண்டுபிடிச்ச விதி இல்ல. நம்ம சேலமே அப்படிக் கைமாறின ஊருதான். மூணாவது மைசூர்ப் போர், 1790-லருந்து 1792 வரைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியோட கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1791 மார்ச்சுல திப்பு சுல்தானோட பெங்களூர் கோட்டையப் பிடிச்சுட்டாரு, மே மாசம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு பக்கத்துல அரிக்கேரால திப்பு படையோட சண்டை, அதுலயும் கம்பெனி படைதான் ஜெயிச்சுது. ஜெயிச்ச படை அடுத்து என்ன பண்ணுச்சு தெரியுங்களா, கோட்டைய இடிக்கன்னு இழுத்துட்டு வந்த பெரிய பீரங்கிங்கள தானே உடைச்சுப் போட்டுட்டு பெங்களூருக்குத் திரும்பி நடந்துச்சு. காரணம், பீரங்கி இழுக்க வேண்டிய மாடு ஆயிரக்கணக்குல செத்துப் போச்சு, ஆளுங்களுக்குத் தானியம் இல்ல, மழை வேற. திப்பு பக்கம் அந்தக் கவல கம்மி, ஹைதர் காலத்துலருந்தே படைக்குன்னு தனியா வளத்த அமிர்தமகால் மாடு இருந்துச்சு, பீரங்கியக் கட்டினா வேகமா இழுத்துட்டுப் போற ஜாதி.

கார்ன்வாலிஸ் அடுத்த தடவ வந்தப்ப முதல்ல சரி பண்ணினது மாட்டையும் மூட்டையையும்தான், பொதி மாட்டுல தானியம் ஏத்தி விக்கிற பஞ்சாராக் கூட்டத்த கூடவே வச்சுக்கிட்டாரு, வழில இருந்த மலைக்கோட்டைங்கள ஒன்னொன்னாப் பிடிச்சு பின்பக்கத்தப் பத்திரம் பண்ணினாரு. 1792 பிப்ரவரில திரும்ப ஸ்ரீரங்கப்பட்டணம், மார்ச்சுல உடன்படிக்கை, திப்பு பாதி நாட்டக் குடுத்தாரு, அதுலதான் சேலமும் பாராமகாலும் (இப்ப கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) கம்பெனிக்குப் போச்சு, அலெக்சாண்டர் ரீட் கலெக்டரா வந்தாரு, தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளரு. அதே தளபதி, அதே கோட்டை, ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு விதமான முடிவு. நடுவுல மாறினது சப்ளை. ஃபியூடலுக்கு அடுத்த காசில் ஏஜுல 1000 ஃபுட் 600 கோல்ட சும்மா வச்சுக்கிட்டு ஒரே ஒரு ஸ்டேபிள்ல (குதிரை லாயம்) நைட் (கவசம் போட்ட குதிரை வீரன்) போட்டுட்டு இருக்கறவனப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மே மாசத்துக் கார்ன்வாலிஸ்தான் ஞாபகம் வருவாரு.

அந்தச் சும்மா கெடக்கற ரிசோர்ஸ் பத்தி. நைட் ஒன்னுக்கு 60 ஃபுட் 75 கோல்டு, 30 செகண்ட். ஒரு ஸ்டேபிள்னா நிமிஷத்துக்கு ரெண்டே நைட். உங்க எகானமி நிமிஷத்துக்கு நாலு நைட்டுக்கு சம்பாதிக்குதுன்னா மிச்ச ரெண்டு நைட் எங்க, ஸ்க்ரீன் மேல நம்பரா நிக்குது. நம்பர் வந்து சண்டை போடாது. 175 வுட்டுக்கு இன்னொரு ஸ்டேபிள் கட்டுங்க. மேல ஒரு ரிசோர்ஸ் 500ஐத் தாண்டுச்சுன்னா நீங்க ஏஜ் அப் பண்ணவோ ஒரு காசில் கட்டவோ சேக்கறீங்களா, இல்ல மறந்துட்டீங்களான்னு உங்களையே கேளுங்க. ஃபியூடலுக்கு 500 ஃபுட், காசில் ஏஜுக்கு 800 ஃபுட் 200 கோல்டு, இம்பீரியலுக்கு 1000 ஃபுட் 800 கோல்டு, இதுக்குச் சேக்கறது சேமிப்பு, மத்தது எல்லாம் தூக்கம். இன்னொன்னு, ஆரம்பத்துல குடுக்கற 200 ஸ்டோன டவர் கட்டி வீணாக்காம வச்சிருந்தீங்கன்னா காசில் ஏஜ் போன உடனே ஒரு ஸ்டோன் கூட வெட்டாம ரெண்டு டவுன் சென்டர் கட்டலாம், ஒன்னுக்கு 275 வுட் 100 ஸ்டோன். மூணு டவுன் சென்டர்ல வில்லேஜர் வர ஆரம்பிச்சா எதிராளிக்கு அஞ்சு நிமிஷத்துக்குள்ள உங்கள வந்து அடிச்சே ஆகணுங்கற கட்டாயம் வந்துடும். அது வரைக்கும் உயிரோட இருக்க ஸ்பியர்மேன் ஒரு பத்து போதும், பல நேரம்.

இப்ப, அவன் என்னத்த அனுப்பப் போறான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது. ஆடு தேடி முடிஞ்ச உடனே ஸ்கவுட்ட ஒரு மூலைல நிறுத்தி வைக்கறவங்கதான் அதிகம், அது பெரிய நஷ்டம். 7, 8-ஆவது நிமிஷம் வாக்குல அவன் ஊருக்கு ஓட்டிட்டுப் போங்க. முதல்ல பாக்க வேண்டியது அவன் வில்லேஜருங்க எங்க நிக்கறாங்கன்னு, படையத் தேட வேணாம். தங்கத்துல மூணு நாலு பேரு சீக்கிரமே போய் நிக்கறாங்கன்னா ஆர்ச்சர் வரப் போகுது, ஆர்ச்சருக்கு 25 வுட் 45 கோல்டு. தங்கத்துல யாருமே இல்ல, எல்லாரும் பழத்துலயும் வயல்லயும் இருக்காங்கன்னா ஸ்கவுட் குதிரை, அதுக்கு 80 ஃபுட் மட்டும்தான். கட்டடம் வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே வில்லேஜருங்க உண்மையச் சொல்லிடுவாங்க. குதிரைன்னா ஸ்பியர்மேன், 35 ஃபுட் 25 வுட். ஆர்ச்சர்னா ஈட்டி எறியற ஸ்கர்மிஷர், 25 ஃபுட் 35 வுட். ரெண்டுக்குமே தங்கம் வேணாங்கறத கவனிங்க, இது கடைசில உதவும், அப்புறம் சொல்றேன்.

நைட்ட யானை அடிக்கும், யானைய மாங்க், அதாவது துறவி, பேசியே தன் பக்கம் இழுத்துடுவாரு, ஆர்ச்சர் கூட்டத்த கல்லு வீசற வண்டியான மாங்கனல் ஒரே கல்லுல காலி பண்ணும், மாங்கனல நைட் வந்து வெட்டும். இந்தச் சுத்து எல்லா கேம்லயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கறதுதான், ஆடி ஆடித் தானா மனசுல ஏறிடும், உக்காந்து மனப்பாடம் பண்ண வேண்டியது இல்ல.

சங்ககிரிக்குப் போயிருக்கீங்களா. சேலத்துலருந்து கோயமுத்தூர் ரோட்ல போனா தூரத்துலயே தெரியும் அந்த மலை. கீழருந்து ஏற ஆரம்பிச்சா ஒரு வாசல், கொஞ்சம் வளைஞ்சு ஏறினா இன்னொரு மதில் இன்னொரு வாசல், அதையும் தாண்டினா இன்னொன்னு, மூச்சு வாங்கிட்டு நிமிந்து பாத்தா அடுத்த மதில் மேலருந்து நம்மளப் பாக்கற மாதிரி நிக்கும். மேல தானியக் கிடங்கும் தண்ணி தேங்கற சுனையும் இருக்கு. தீரன் சின்னமலைய 1805-ல தூக்குல போட்ட எடம், அதனால அங்க ஏறும்போது மனசு கனமாத்தான் இருக்கும், ஆனா கோட்டைய எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாக்கறதும் அந்த எடத்துக்குச் செய்யற மரியாததான்னு நான் நெனைக்கிறேன். ஒரு மதில் யாரையும் நிறுத்தாது, தாமதப்படுத்தும், அந்தத் தாமதத்துல மேல இருக்கறவன் அடிப்பான். கேம்ல கல்லு மதில் கட்டிட்டு நிம்மதியா இருக்கறவங்க இதத்தான் புரிஞ்சுக்கணும். எதிராளி உங்க மதில ஒரு எடத்துல இடிக்க ஆரம்பிச்சா, அதே எடத்த ரிப்பேர் பண்ணிட்டு நிக்காம, அதுக்குப் பின்னாடி ரெண்டு வீட்டையும் ஒரு துண்டு மரவேலியையும் வச்சு ரெண்டாவது மதில் போடுங்க. உள்ள வந்தவன் சந்துல மாட்டுவான், அங்க உங்க ஸ்பியர்மேன் நிக்கணும்.

மேடும் சும்மா அழகுக்கு வச்சது இல்ல. மேலருந்து கீழ அடிச்சா 25 சதவீதம் அதிக அடி, கீழருந்து மேல அடிச்சா 25 சதவீதம் கம்மி. ரெண்டும் சேந்தா சரிசமமான படை சரிசமம் இல்லாமப் போயிடும். அதனால ஆர்ச்சர் ஓட்டும்போது ரெண்டு செகண்ட் செலவு பண்ணி ஒரு திட்டு மேல ஏத்திட்டு அப்புறம் சண்டையத் தொடங்குங்க, அவன் மேட்டுல நின்னா போகாதீங்க, சுத்திப் போயி அவன் மரம் வெட்டறவங்களத் தேடுங்க, அவனாவே எறங்கி வருவான்.

2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கற எக்ஸ்பான்ஷன் வந்தப்ப எங்க கூட்டத்துல எல்லாருக்கும் என்னமோ பண்டிக மாதிரி இருந்துச்சு. அது வரைக்கும் இந்தியான்னா ஒரே ஒரு சிவிலைசேஷன் (நாம எடுத்து ஆடற இனம்), எல்லாரையும் ஒரே மூட்டைல கட்டி வச்சிருந்தாங்க. அதப் பிரிச்சு திராவிடர், வங்காளர், கூர்ஜரர்னு குடுத்தாங்க, பழையது ஹிந்துஸ்தானின்னு ஆச்சு. திராவிடர் எடுத்து ஆடினா வில்லேஜரக் க்ளிக் பண்ணும்போது தமிழ்ல பதில் சொல்றாங்க. இத்தன வருஷமா லத்தீனும் ஜெர்மனும் மங்கோலும் கேட்டுக் கேட்டு ஆடின கேம்ல நம்ம மொழி. ராஜேந்திர சோழன் கேம்பெயினும் இருக்கு, கப்பல் ஓட்டத் தெரியாதவங்க அதுல நல்லாத் தெரிஞ்சுக்கலாம்.

ஆனா பாசத்துல எடுத்துட்டு நைட் போடலாம்னு ஸ்டேபிள் கட்டினா அங்க நைட்டே இருக்காது. திராவிடருக்கு குதிரைப் படை ரொம்ப பலவீனம், அதனால ஆட்டத்தையே வேற மாதிரி யோசிக்கணும். ஒவ்வொரு ஏஜ் போகும்போதும் 200 வுட் சும்மா வரும், அந்த 200ஐ எதுல போடறதுன்னு ஏஜ் மாறறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வில்லேஜர அந்த எடத்துல நிறுத்தி வைங்க, ஃபியூடல் போன அடுத்த செகண்டே ஆர்ச்சரி ரேஞ்ச் எழும்பணும். காலாட்படைய உருவாக்கற பாரக்ஸ்ல பண்ற ஆராய்ச்சிக்கெல்லாம் பாதி விலை, ஸ்கர்மிஷர் 25 சதவீதம் வேகமா எறிவான், மாங்கனல் மாதிரி சீஜ் வண்டிங்களுக்கு வுட் மூணுல ஒரு பங்கு கம்மி. எல்லாம் சேத்துப் பாத்தா இது தொரத்திப் பிடிக்கற படை இல்ல, நகந்து வந்து உக்காந்துக்கற படை. எதிராளி குதிரைல வந்து உங்க விவசாயிங்கள அடிச்சுட்டு ஓடுவான், பின்னாடியே ஓடாதீங்க, வயல் ஓரமா ஸ்பியர்மேன நிறுத்திட்டு நீங்க நேரா அவன் தங்கச் சுரங்கத்துக்கு மாங்கனலோட நடந்து போங்க.

கடைசில காசில்ல வூட்ஸ் ஸ்டீல்னு ஒரு ஆராய்ச்சி இருக்கும், அதப் பண்ணிட்டா உங்க காலாட்படை அடிக்கற அடிக்கு எதிராளி போட்டிருக்கற கவசம் கணக்குலயே வராது. இரும்புச் சட்டையே உருவமா இருக்கற ட்யூட்டானிக் நைட்டெல்லாம் சாதாரண ஆளா ஆயிடுவான். இதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம். தென்னிந்தியாவுல மூசைல உருக்கின அந்த எஃகு ஒலகம் பூரா போனது, நம்ம பக்கத்துல கொடுமணல்ல இரும்பு உருக்கின உலை தோண்டி எடுத்திருக்காங்க, நம்ம கஞ்சமலைல இன்னைக்கும் காந்தம் வச்சா ஒட்டற இரும்புக்கல்லு கெடக்கு. 1830கள்ல ஹீத்துங்கற வெள்ளைக்காரரு பரங்கிப்பேட்டைல இரும்பாலை நடத்தினப்ப சேலத்து இரும்புக்கல்ல நம்பித்தான் நடத்தினாரு. அந்த மலை அடிவாரத்துலதான் இப்ப சேலம் உருக்காலை நிக்குது. இம்பீரியல் ஏஜுல அந்த பட்டன அமுக்கும்போது எங்க ஊரு மலைய நெனச்சுக்குவேன்.

இதே சப்ளை விஷயத்த வேற கேம்ங்க இன்னும் நேரடியா வச்சிருக்கு. 2001-ல வந்த கோசாக்ஸ்ல ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் இரும்பும் நிலக்கரியும் செலவாகும், தங்கம் தீந்தா கூலிப்படை உங்க மேலயே திரும்பும். அதே வருஷம் வந்த ஸ்ட்ராங்ஹோல்ட்ல ரேஷனக் கொறைச்சா ஜனங்க மனசு மாறும், பாப்புலாரிட்டி 50க்குக் கீழ போனா ஊரு காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க, எதிரி வர வேண்டிய அவசியமே இல்ல. 2003-ல வந்த ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்ல எதிராளி எல்லைக்குள்ள சப்ளை வண்டி இல்லாம நொழஞ்சா படை நின்ன எடத்துலயே தேயும். எனக்குக் கேட்டா ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்தான் கார்ன்வாலிஸ் பட்ட பாட்ட சரியாக் காட்டற கேம். ஏஜ் ஆடறவங்க ஒரு தடவயாவது அத ஆடிட்டு வாங்க, படைக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாக்கற பழக்கம் வந்துடும்.

ஏற்காட்டுல எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான், காப்பி எஸ்டேட் பாத்துக்கறான், ராத்திரி ரெண்டு பேரும் ஒரே டீம். மேல மழ பிடிச்சா நெட்டு விட்டு விட்டு வரும், அதனால சண்டைல படைய ஒவ்வொரு ஆளா ஓட்டற வேகமான மைக்ரோ எல்லாம் அவனுக்கு ஒத்து வராது, அவன் அதுக்கு ஏத்த மாதிரியே ஒரு ஆட்டத்த உருவாக்கிட்டான். பொறுமையா மதில் கட்டுவான், காசில் ஏஜ் போன உடனே ரெண்டு மாங்க் போட்டு மேப்ல கெடக்கற ரெலிக் (புனிதப் பொருள்) பொறுக்கப் போயிடுவான். ஒரு ரெலிக் நிமிஷத்துக்கு 30 கோல்டு, நாலு ரெலிக் மடத்துல வச்சா 120, யாரும் வெட்ட வேணாம், தீரவும் தீராது. ஒரு மணி நேரம் போன ஆட்டத்துல மேப்ல தங்கமே இல்லாம எல்லாரும் திணறும்போது, "மச்சான், நீ ஸ்பியரும் ஸ்கர்மும் மட்டும் போடு, தங்கத்துல போடறத நான் பாத்துக்கறேன்"னு சொல்லுவான். அப்பதான் நான் மேல சொன்ன அந்த தங்கம் வேண்டாத ரெண்டு யூனிட்டும் வேலைக்கு வரும். எதிராளி கடைசி தங்கத்தையும் நைட்ல கொட்டி அனுப்புவான், நாங்க ஃபுட்டும் வுட்டும் மட்டும் செலவு பண்ணி அத ஒண்ணொண்ணா அடிப்போம். அவனுக்குத் திரும்ப நைட் போட முடியாது, எங்களுக்கு இன்னும் 60 ஸ்பியர்மேன் போட முடியும். நீண்ட ஆட்டத்துல நாங்க ஜெயிக்கறது பெரும்பாலும் இப்படித்தான், வேகத்துல எங்கள விட நல்லா ஆடறவங்ககிட்ட கூட.

கீபோர்டு பத்தி ரெண்டு வார்த்த. மவுஸ் மட்டும் வச்சு ஆடினா சேவாப்பேட்டை அண்ணன் மாதிரி படைக்கும் வீட்டுக்கும் போயிட்டு வர முடியாது. ஹெச் கீ அமுக்கினா டவுன் சென்டருக்குப் போயிடும், புள்ளி கீ அமுக்கினா சும்மா நிக்கற வில்லேஜர் வருவாரு, படைக்கு கன்ட்ரோல் 1, சீஜுக்கு கன்ட்ரோல் 2. ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ஒரு வில்லேஜருக்கு வரிசையா மூணு வேல குடுத்துடலாம், வீடு கட்டு, அப்புறம் இன்னொரு வீடு கட்டு, அப்புறம் மரத்துக்குப் போன்னு. முதல் ஒரு வாரம் வெரல் ஒத்துழைக்காது, எரிச்சலா இருக்கும், விட்டுடாதீங்க.

மாப்ளைக்கு இப்ப நான் குடுத்திருக்கற வேல இதுதான். ஆன்லைன்ல புள்ளிக்கு ஆடற ராங்க்டு ஆட்டத்த நிறுத்தி வச்சுட்டு, சுலபமான கம்ப்யூட்டர எதிர்ல வச்சு, 10 நிமிஷம் மட்டும் ஆடணும், படையே போடக் கூடாது, 10-ஆவது நிமிஷத்துல நிறுத்தி வில்லேஜர எண்ணி எனக்கு மெசேஜ் அனுப்பணும். நேத்து 18 வந்துச்சு. எங்க நின்னுச்சுன்னு ரெக்கார்டட் கேம்ல பாக்கச் சொன்னேன், ரெண்டாவது பன்னியக் கூட்டிட்டு வரும்போது வீடு கட்ட மறந்து டவுன் சென்டர் நின்னிருக்கு. "மாமா, இன்னைக்கு பன்னிக்கு முன்னாடியே வீடு கட்டிடறேன்"னு சொல்லியிருக்கான், 22 வந்தா ஞாயித்துக்கெழம அவனையும் ஏற்காட்டுக்காரனையும் சேத்து மூணு பேரா உக்காரலாம்னு இருக்கோம்.